என். எஸ். கிருஷ்ணன்

என். எஸ். கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 - ஆகஸ்ட் 30, 1957) தமிழ் நாடக, திரைப்பட நகைச்சுவை நடிகர், பாடகர், வில்லுப்பாட்டுக் கலைஞர், திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குநர் ஆவார். நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன் என்பது இவரது முழுப்பெயர். கலைவாணர் என்னும் பட்டத்தாலேயே பெரிதும் அறியப்படுகிறார். நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்துள்ளார். பெரும்பாலும் நகைச்சுவை நடிகராகவே நினைவுகூரப்படும் இவர், நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் பாடப்பட்டுவந்த வில்லுப்பாட்டை நாடக மேடைக்கும் நகரத்து அரங்குகளுக்கும் கொண்டுசென்ற முன்னோடியும் ஆவார்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள் ஆகியோருக்குப் பிறந்தார். ஒழுகினசேரி, நாகர்கோவிலின் வடபுறத்தில் பழையாற்றை ஒட்டி அமைந்த பகுதியாகும். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் சமத்தானத்தின் பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் அது கன்னியாகுமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆகவே கிருஷ்ணன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் சென்னைத் திரையுலகுக்கு வேற்று நாட்டிலிருந்து வந்தவராகவே கணக்கிடப்படத் தக்கவர். சொந்த ஊர் தமிழ் மாநிலத்துடன் இணைந்தபின் அவர் பத்து மாதங்கள் மட்டுமே வாழ்ந்தார்.

குடும்பம் வறுமையில் இருந்ததால் தொடக்கப் பள்ளிப் படிப்புடன் கல்வி நின்றது. மளிகைக் கடையில் வேலை செய்தும், டென்னிசு ஆடுகளத்தில் பந்து பொறுக்கிக் கொடுத்தும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும் சிறுவயதில் பொருளீட்டினார். இவற்றுள் கடைசி வேலைதான் அவரது வாழ்க்கையைத் திசைதிருப்பியது. கொட்டகைக்குள் நுழைவதற்குக் காசு கொடுக்க இயலாத சிறுவனுக்கு, தின்பண்டத் தட்டு நுழைவுச்சீட்டாக அமைந்தது. நாள்தோறும் நாடகம் பார்த்துப் பாடல்களையும் உரையாடல்களையும் மனப்பாடம் செய்தார்.

பெற்றோரின் பெயர்களும் இங்குக் கவனிக்கத்தக்கவை. சுடலைமாடனும் இசக்கியம்மனும் தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் பரவலாக வழிபடப்படும் நாட்டார் தெய்வங்கள். இவ்விரு தெய்வங்களின் கதைகளும் வில்லுப்பாட்டில் மிகுதியாகப் பாடப்படுவன. கிருஷ்ணன் வளர்ந்த சூழலில் அக்கலை தனியே தேடிக் கற்கவேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. கோடைக் காலத்துக் கொடை விழாக்களில் இரவு முழுதும் கேட்டு வளரும் ஒன்றாகவே இருந்தது.

வில்லுப்பாட்டுப் பின்னணி

வில்லுப்பாட்டு கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வழங்கும் கதைப்பாடல் நிகழ்த்துகலை. மணிகள் கட்டிய நீண்ட வில் முதன்மை இசைக்கருவி. தலைமைப் பாடகர் வீசுகோல்களால் வில்லின் நாணை அடித்துத் தாளம் எழுப்பியவாறே கதை சொல்வார், பாடுவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை துணைக் கருவிகள். குடத்தின் வாயில் பட்டையால் அடிக்கும்போது எழும் ஆழ்ந்த ஒலி இக்கலைக்கே உரியது.

குழுவினர் வலத்தே பாடுவோர், இடத்தே பாடுவோர் என இரு பிரிவாக அமர்வர். தலைமைப் பாடகர் ஓர் அடியைப் பாட, மற்றவர் அதை வாங்கிப் பாடுவர். கதை உரைநடையில் செல்லும்போது பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார், ஐயம் கேட்பார், சில வேளைகளில் வேண்டுமென்றே தவறாகப் புரிந்துகொண்டு சிரிப்பு மூட்டுவார். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழ்த்து என்பது மரபான வரிசை. கோயில் கொடையில் இது பொழுதுபோக்கு மட்டுமன்று, வழிபாட்டின் ஒரு பகுதியாகும். கதை உச்சத்தை எட்டும்போது சாமியாடிகளுக்கு அருள் வரும். வில்லின் அடி அதற்கேற்ப விரையும்.

கிருஷ்ணன் தமது கலை வாழ்வை வில்லுப்பாட்டிலிருந்தே தொடங்கினார். பிற்காலத்தில் திரையில் அவர் செய்த பலவற்றுக்கும் இதன் அமைப்பே அடிப்படை என்று கொள்ள இடமுண்டு. ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிட்டுக் கேட்கும் முறை, பேச்சு பாட்டாகவும் பாட்டு பேச்சாகவும் மாறும் போக்கு, கேட்போரை நேரே விளித்தல் ஆகியவை வில்லடி மேடையில் பயின்றவையே.

நாடக வாழ்க்கை

அக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட நாடகக் குழுக்கள் பாய்சு கம்பெனிகள் என அழைக்கப்பட்டன. சங்கரதாசு சுவாமிகளிடம் பயின்ற டி. கே. எசு. சகோதரர்கள் 1925-இல் மதுரை சிறீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினர். மகனின் நாடக ஆர்வத்தைக் கண்ட தந்தை அவரை அக்குழுவில் சேர்த்துவிட்டார். அங்கு கிருஷ்ணன் நகைச்சுவை வேடங்களுடன் நிற்கவில்லை. நடிகர் வராத நாளில் எந்த வேடத்தையும் ஏற்று நடிக்கக்கூடியவராக இருந்தார். பாடல், ஆர்மோனியம், மேடை அமைப்பு என எல்லாவற்றிலும் கைவைத்தார். இடையிடையே குழுவிலிருந்து விலகி வேறு குழுக்களில் நடித்துவிட்டு மீண்டும் சேர்ந்ததும் உண்டு.

வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் நாடகத்தைத் தழுவி இக்குழு 1930களின் தொடக்கத்தில் தேசபக்தி என்னும் நாடகத்தை அரங்கேற்றியது. விடுதலைப் போராட்ட உணர்வு மிக்க இந்நாடகத்தில் காந்தியின் வாழ்க்கையைக் கிருஷ்ணன் வில்லுப்பாட்டாக நிகழ்த்தினார். தமிழ் நிகழ்த்துகலை வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. அதுவரை வில்லடித்துப் பாடப்பட்டவை தெய்வங்களின் கதைகளும், கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகளுமே. உயிருடன் இருக்கும் ஓர் அரசியல் தலைவரின் கதையை, கோயில் இல்லாத இடத்தில், கட்டணம் கொடுத்து வந்த பார்வையாளர் முன் வில்லடித்துப் பாடியதன் மூலம் கிருஷ்ணன் அக்கலையை வழிபாட்டுச் சூழலிலிருந்து பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு முதல் வங்கிச் சேமிப்பு வரை எதையும் வில்லுப்பாட்டால் பரப்பலாம் என்ற நிலை ஏற்பட்டதற்கு இந்த மாற்றமே வழி திறந்தது. அவ்வாறு வந்த விளம்பர வில்லுப்பாட்டுகள் எல்லாம் கலையாக நின்றன என்று சொல்ல இயலாது என்பது வேறு.

திரைப்படத் துறை

டி. கே. எசு. சகோதரர்களின் மேனகா நாடகம் 1935-இல் படமானபோது கிருஷ்ணனும் அதில் நடித்தார். எல்லிசு ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதி 1936-இல் வெளியானது. எம். ஜி. இராமச்சந்திரன், டி. எசு. பாலையா ஆகியோருக்கு அதுவே முதல் படம். எசு. எசு. வாசனின் கதையை அடிப்படையாகக் கொண்டது.

தொடக்க காலத் தமிழ்ப் படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் மூலக்கதையோடு ஒட்டாத தனிக் கதையாக இருந்தது. அப்பகுதியைத் தாமே எழுதி, தம் குழுவினரைக் கொண்டு நடித்து, ஏறத்தாழத் தாமே இயக்கியும் கொடுக்கும் முறையைக் கிருஷ்ணன் ஏற்படுத்திக்கொண்டார். இதனால் படத்தின் இயக்குநர் யாராக இருப்பினும் கிருஷ்ணனின் பகுதி கிருஷ்ணனுடையதாகவே இருந்தது. அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), உத்தம புத்திரன் (1940), சகுந்தலை (1940), ஆர்யமாலா (1941), கண்ணகி (1942), மனோன்மணி (1942), சிவகவி (1943), மங்கம்மா சபதம் (1943), அரிதாசு (1944) ஆகியவை இக்காலத்தில் அவர் நடித்த படங்களுள் சில.

1936-இல் வெளியான வசந்தசேனா படத்தின் படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது, திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த நடிகை டி. ஏ. மதுரத்துடன் பழக்கம் ஏற்பட்டு இருவரும் மணந்துகொண்டனர். கிருஷ்ணனுக்கு ஏற்கெனவே நாகம்மை என்பவருடன் திருமணமாகியிருந்தது. கிருஷ்ணனும் மதுரமும் இணைந்து நடிக்கும் காட்சிகளுக்காகவே படம் பார்த்தவர்கள் பலர். மதுரத்தை வெறும் துணை நடிகையாகக் கருதுவது பிழையாகும். இணைப் பாடல்களில் கிருஷ்ணன் முன்வைக்கும் கருத்தை மறுத்தும் மடக்கியும் பாடும் பங்கு மதுரத்துடையது. வில்லுப்பாட்டில் இடத்தே பாடுபவர் செய்யும் பணிக்கு இது மிக நெருங்கியது. பெரும்பாலான பாடல்களில் கடைசி வெற்றி மதுரத்துக்கே கிடைக்கும்.

ஒழுகினசேரியில் கிருஷ்ணன் கட்டிய வீட்டுக்கு மதுர பவனம் என்று பெயரிட்டார்.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு

கிருஷ்ணனின் புகழ் உச்சத்தில் இருந்தபோது அவரது வாழ்க்கையை முறித்த நிகழ்வு இது. சி. என். இலட்சுமிகாந்தன் திரைப்பட நடிகர்களின் தனிவாழ்க்கையைப் பற்றி அவதூறாக எழுதும் சினிமா தூது என்ற இதழை நடத்திவந்தார். கிருஷ்ணன், எம். கே. தியாகராஜ பாகவதர், பட்சிராஜா படப்பிடிப்பு நிலைய உரிமையாளர் சிறீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் முறையிட்டதன் பேரில் அவ்விதழின் உரிமம் நீக்கப்பட்டது. பின்னர் இலட்சுமிகாந்தன் இந்துநேசன் என்னும் இதழில் அதே பணியைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-இல் சென்னை வேப்பேரியில் ரிக்சாவில் சென்றுகொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார்.

1944 திசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். நாயுடுவும் மேலும் சிலரும் உடன் குற்றஞ்சாட்டப்பட்டனர். இருவரும் நடித்த அரிதாசு அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. நடிகர்கள் சிறையில் இருக்க, அவர்களைக் காண மக்கள் திரையரங்கில் வரிசையில் நின்றனர்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் சான்றாயர் குழுவின் முன் நடைபெற்றது. கிருஷ்ணனுக்காகப் பம்பாயிலிருந்து வந்து வாதிட்டவர் கே. எம். முன்சி. 1945 மே மாதம் நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அடுத்து இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்கு முறையீடு சென்றது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி பிரிவிக் கவுன்சில் ஆணையிட்டது. இம்முறை வி. எல். எத்திராசு வாதாடினார். 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என விடுதலை செய்தது. கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன. கொலையைச் செய்தவர் யார் என்பது இறுதிவரை நிலைநாட்டப்படவில்லை.

வழக்குச் செலவு கிருஷ்ணனின் செல்வத்தைப் பெருமளவு கரைத்தது. வெளியில் மதுரம் தாங்கிய சுமையும் பெரிது. எசு. வி. சகசுரநாமத்தின் துணையுடன் என். எஸ். கே. நாடக சபாவைத் தொடர்ந்து நடத்தி வருவாய்க்கு வழிசெய்தார். நடிகர் கே. ஆர். இராமசாமி தம் நண்பரின் பெயரிலேயே கிருஷ்ணன் நாடக சபா என்ற தனிக் குழுவைத் தொடங்கினார். சி. என். அண்ணாதுரையின் ஓர் இரவு, வேலைக்காரி ஆகிய நாடகங்களை மேடையேற்றியது அக்குழுதான். பிற்காலத் தமிழ் அரசியலில் பெரும் விளைவுகளை ஏற்படுத்திய நாடகங்கள் ஒரு சிறைக்கைதியின் பெயர் தாங்கிய குழுவால் நடத்தப்பட்டன என்பது பலர் அறியாதது.

விடுதலைக்குப் பின்

பாகவதர் வெளிவந்தபின் நடித்த படங்கள் வெற்றி பெறவில்லை. அவரது திரைவாழ்க்கை அத்துடன் தேய்ந்தது. கிருஷ்ணன் மீண்டெழுந்தார். மதுரமும் சகசுரநாமமும் முயன்று உருவாக்கிவந்த பைத்தியக்காரன் (1947) படத்தில் விடுதலையானவுடன் அவருக்கும் ஒரு வேடம் சேர்க்கப்பட்டது. சிறை வாழ்க்கையையே நகைச்சுவைப் பொருளாக்கி அதில் நடித்தார். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய இப்படம் கைம்பெண் மறுமணத்தை வலியுறுத்தியது. பம்மல் சம்பந்த முதலியார் இவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கினார்.

1949-இல் வெளியான நல்லதம்பி, அண்ணாதுரையின் எழுத்தில் வந்த முதல் திரைப்படம் ஆகும். ஆலிவுட் படமான மிசுட்டர் டீட்சு கோசு டு டவுன் என்பதன் தழுவலாகிய இதில் கிருஷ்ணன் கதைத்தலைவனாகவே நடித்தார். மதுவிலக்கும் சமீன் ஒழிப்பும் படத்தின் கருப்பொருள்கள்.

இப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம் கிருஷ்ணனின் படைப்புகளுள் தனியிடம் பெறுவது. உடுமலை நாராயணகவி எழுதிய இது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறது. பாகவதர் நிற்பார், பின்பாட்டுக்காரர் இருப்பார், இசையும் விளக்கமும் மாறிமாறி வரும். கதை மட்டும் வேறு. தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனின் இடத்தில், படிக்க ஏங்கும் கிந்தன் என்னும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் நிற்கிறான். ஊர்ப் பள்ளியில் இழிவுபடுத்தப்பட்ட அவன் நகரம் சென்று கற்றுக் கல்வி ஆய்வாளராகித் திரும்புகிறான். நந்தனார் தீப்புகுந்து இறைவனை அடைந்தார். கிந்தனுக்கு அத்தகைய முடிவு தேவைப்படவில்லை. பக்தி இசையின் வடிவத்துக்குள் சாதி எதிர்ப்பை வைத்ததால், வடிவத்தை விரும்பி அமர்ந்த பார்வையாளர் கருத்தையும் கேட்டே தீரவேண்டியதாயிற்று. காந்தி கதைக்கு வில்லை எடுத்துக்கொண்ட அதே உத்தி இது. மேடைகளிலும் இக்காலட்சேபம் பலமுறை நிகழ்த்தப்பட்டது.

கிருஷ்ணன் இயக்கிய மணமகள் (1951), பணம் (1952) ஆகிய இரு படங்களுக்கும் மு. கருணாநிதி வசனம் எழுதினார். தமிழில் பத்மினிக்குப் பெயர் தேடித்தந்த படம் மணமகள். பணம் படத்தில் விசுவநாதனும் இராமமூர்த்தியும் முதன்முதலாக இணை இசையமைப்பாளர்களாக அறிமுகமாயினர். பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிச்சென்று, கறுப்புச் சந்தைக்காரர் முதல் கோயில் உண்டியல் வரை ஒவ்வோர் இடமாகக் கேட்கும் பாடலைக் கிருஷ்ணனே பாடி நடித்தார்.

1951-இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்ற கலைஞர் குழுவில் இவரும் இடம்பெற்றார்.

பாடல்கள்

கிருஷ்ணனுக்குப் பயிற்சி பெற்ற சங்கீதக் குரல் இருந்தது என்று கூற இயலாது. பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் கோலோச்சிய காலத்தில் அவர் பாடியது பேச்சுக்கு மிக அருகில் நின்ற பாட்டு. சொல் தெளிவு, தாளக்கட்டு, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துதல் ஆகியவையே அவரது வலிமை. இவை யாவும் வில்லடிப் புலவனுக்கு இன்றியமையாதவை.

பாடுபொருள்களும் அன்றாடத்திலிருந்து வந்தன. முதல் தேதி (1955) படத்தில் மாதச் சம்பளக்காரனின் மாதத்தைத் தேதிவாரியாகப் பாடினார். தொடக்கத்தில் கொண்டாட்டமும் கடைசிப் பத்து நாளில் தள்ளாட்டமுமாக அது செல்கிறது. இன்றும் மாதக் கடைசியில் நினைவுகூரப்படும் பாடல் இதுவே. இராஜா ராணி (1956) படத்தில் சிரிப்பின் வகைகளைச் சிரித்துக்காட்டியே பாடினார். அறிவியல் வளர்ந்தால் பொத்தானைத் தட்டியவுடன் சமையலும் வீட்டு வேலையும் நடக்கும் என்று மதுரத்துடன் பாடிய பாடல் அக்காலத்தில் வேடிக்கைக் கற்பனையாகக் கருதப்பட்டது. அதில் சொல்லப்பட்டவற்றுள் பல பின்னர் நடைமுறைக்கு வந்துவிட்டமையால், இன்று கேட்போருக்குச் சிரிப்பு வரும் இடங்கள் மாறியுள்ளன. இவருக்காக மிகுதியான பாடல்களை எழுதியவர் உடுமலை நாராயணகவி.

அறிவுரை மிகுந்து நகைச்சுவை மங்கும் காட்சிகளும் அவரது படங்களில் உள்ளன. 1950களின் சில படங்களில் கருத்து முதலிலும் கதை பின்னுமாக வருவதை இன்றைய பார்வையாளர் உணரக்கூடும். ஆயினும் உடற்குறையையோ ஏழ்மையையோ எள்ளி நகையாடாமல் சிரிக்கவைத்தார் என்ற பாராட்டு அவருக்குப் பொருந்தும்.

காந்தியும் திராவிட இயக்கமும்

கிருஷ்ணனின் சார்பு எளிதில் வகைப்படுத்தக் கூடியதன்று. மூடநம்பிக்கை, சாதி வேற்றுமை ஆகியவற்றைச் சாடிய அவரது நகைச்சுவையைப் பெரியாரின் குடிஅரசு பாராட்டியது. அண்ணாதுரையும் கருணாநிதியும் அவருடைய நண்பர்கள். அதே வேளையில் காந்தியின்மீது இறுதிவரை பற்றுக்கொண்டிருந்தார். 1948-இல் காந்தி கொல்லப்பட்ட பின், நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தம் சொந்தச் செலவில் காந்தி நினைவுத் தூண் ஒன்றை எழுப்பினார்.

காந்தியின் கதையை முழுமையான வில்லுப்பாட்டாக்கும் எண்ணமும் இக்காலத்தில் வலுப்பெற்றது. அப்போது இளைஞராக இருந்த, நெல்லைப் பகுதியைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகத்தின் பாட்டெழுதும் திறனைக் கண்டு அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தார். சுப்பு ஆறுமுகம் எழுதிய காந்தி மகான் கதையைக் கிருஷ்ணன் மேடைகளில் நிகழ்த்தினார். கிருஷ்ணனின் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதவும் சுப்பு ஆறுமுகம் துணைநின்றார். கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு எப்போதும் போலத் தொடர்ந்தது. அதற்குக் கிருஷ்ணன் தேவைப்படவில்லை. ஆனால் தென்மாவட்டங்களுக்கு வெளியே இக்கலையை அறியச்செய்த வழி கிருஷ்ணனிடமிருந்து சுப்பு ஆறுமுகத்துக்குச் சென்று வானொலி, தொலைக்காட்சி வழியாக நீண்டது.

இறுதிக் காலம்

கிருஷ்ணனின் கொடைத்தன்மை குறித்துப் பல கதைகள் வழங்குகின்றன. வாய்மொழியாகப் பரவிய இவற்றுள் எது நடந்தது, எது பின்னர் சேர்ந்தது என்று பிரிப்பது கடினம். ஈட்டியதைச் சேர்த்துவைக்காதவர் என்பதில் மட்டும் அவரை அறிந்த எவரும் மாறுபடவில்லை. வழக்கில் இழந்ததை அவர் மீண்டும் ஈட்டினார். ஈட்டியதும் கைமாறிப் போயிற்று. சொந்தப் படத்தயாரிப்பின் சுமையும் சேர்ந்துகொள்ள, இறுதி ஆண்டுகளில் பொருள் நெருக்கடியில் இருந்தார்.

1956-இல் மதுரை வீரன், இராஜா ராணி ஆகிய படங்கள் வெளியாயின. உடல்நலம் குன்றிவந்த நிலையிலும் 1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரம் தொகுதியில் போட்டியிட்ட அண்ணாதுரைக்காகப் பரப்புரை செய்தார். திராவிட முன்னேற்றக் கழகம் சந்தித்த முதல் பொதுத்தேர்தல் அது. அண்ணாதுரை உட்பட அக்கட்சியினர் 15 பேர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

அதன்பின் நோய் முற்றிச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கிருஷ்ணன், 1957 ஆகஸ்ட் 30-இல் காலமானார். அப்போது அவருக்கு 49 வயது நிறையவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் 1959 நவம்பர் 1-இல் தியாகராஜ பாகவதரும் அதே நகரில் மறைந்தார். டி. ஏ. மதுரம் 1974-இல் காலமானார்.

நினைவுச் சின்னங்கள்

சென்னை தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் அமைந்த கிருஷ்ணனின் சிலையை 1969 சனவரி 14-இல் அன்றைய முதலமைச்சர் அண்ணாதுரை திறந்துவைத்தார். புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அண்ணாதுரை கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி இதுவே. பிப்ரவரி 3-இல் அவர் இறந்தார்.

சென்னை வாலாஜா சாலையில் உள்ள அரசு அரங்கம் கலைவாணர் அரங்கம் எனப் பெயரிடப்பட்டது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, புதிய கட்டடம் 2016-இல் திறக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றின்போது இடைவெளி விட்டு அமரவேண்டியிருந்ததால் 2020, 2021 ஆண்டுகளில் தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டங்கள் இவ்வரங்கில் நடைபெற்றன.

நாகர்கோவிலில் மணிமேடைச் சந்திப்பில் கிருஷ்ணனுக்குச் சிலை உள்ளது. அவரால் சென்னைக்கு அழைத்துவரப்பட்ட சுப்பு ஆறுமுகம் 2021-இல் பத்மசிறீ விருது பெற்று, 2022 அக்டோபர் 10-இல் மறைந்தார்.